ஃபேன் நின்றால்

போடிநாயக்கனூர்
9 ஆகஸ்ட் 2024

மாமாவுக்கு,

‘அன்புள்ள’ என்று போடக் கை வரவில்லை, அதனால் போடவில்லை.

கல்லூரியிலிருந்து வந்து பார்க்கிறேன், மேசை காலியாகக் கிடக்கிறது. நான் செய்து வைத்திருந்த இன்வெர்ட்டர் போர்டைக் காணோம், என் குளியல் துண்டையும் காணோம். யார் வேலை என்று யோசிக்கவே தேவைப்படவில்லை. சாயங்காலம், மலைக்கு ஜீப்பு ஓட்டும் அமாவாசை அண்ணனைச் சந்தையில் பிடித்துக் கேட்டேன். “ஆமா ஆத்தா, சிவா பச்சப்புள்ளயத் தூக்கிட்டு வர்ற மாதிரி துண்டுல சுத்தி மடியில வச்சுக்கிட்டு வந்தாப்ல. குலுங்காம ஓட்டுண்ணே, குலுங்காம ஓட்டுண்ணேன்னு மெட்டு மல ஏறுற வரைக்கும் எம் உசுர வாங்கிட்டாப்ல” என்று சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மாமா, அது இன்னும் வேலைக்குத் தயாரான பொருள் இல்லை. கம்ப்யூட்டருக்குள் ஓட்டிப் பார்த்தேன், சரியாக ஓடியது. வெளியே ஒரே ஒரு குண்டு பல்பை எரியவிட்டுப் பார்த்தேன், எரிந்தது. அவ்வளவுதான். நிஜமான மோட்டாரில் அதை நான் இதுவரை மாட்டியதே இல்லை. நீங்கள் அதைக் கொண்டுபோய், நாம் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரின் பெரிய ஃபேனில் மாட்டப்போகிறீர்கள்.

அதில் நான்கு சுவிட்சு இருக்கிறது. மேலே இரண்டு, கீழே இரண்டு. குறுக்கே குறுக்கே மாறி மாறி ஆன் ஆகும். பேட்டரி கரண்ட் அப்படி முன்னும் பின்னுமாகப் போய் மோட்டாரைச் சுற்றவைக்கும். மாறுகிற வேகத்தைக் கூட்டினால் ஃபேன் வேகம் கூடும், குறைத்தால் குறையும். இதுவரை உங்களுக்கும் தெரியும். சொல்லச் சொல்ல நீங்கள் காதில் வாங்காத சங்கதி ஒன்று உண்டு. ஒரே பக்கத்து மேல் சுவிட்சும் கீழ் சுவிட்சும் கண்ணிமைக்கும் நேரம் சேர்ந்து ஆன் ஆகிவிட்டால் போதும், பேட்டரியின் இரண்டு முனையும் நேருக்கு நேர் ஒட்டிக்கொண்ட மாதிரி ஆகிவிடும். போன வருடம் எங்கள் லேபில் ஒரு பையன் போர்டில் அப்படித்தான் ஆனது. சுவிட்சு வெடித்து அதன் மூடி அவன் காதை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் அடித்தது. இன்றுவரை அந்தச் சத்தம் என் காதை விட்டுப் போகவில்லை.

உங்கள் ஸ்டோரில் விறகு அடுக்கியிருக்கிறது, சாக்கு அடுக்கியிருக்கிறது, சுவரெல்லாம் பலகை. நாளைக்கு அமாவாசை அண்ணன் கீழே வரும்போது போர்டைக் கொடுத்து விடுங்கள். துண்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

அருணா


பள்ளத்து ஸ்டோர்
11 ஆகஸ்ட்

டீச்சரம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. போர்டு கிடைக்காது.

மேட்டுக்கு ஏறிப் போய் சிக்னல் பிடித்துப் போன் பண்ணலாம் என்றுதான் இருந்தேன். ஏற முக்கால் மணி ஆகும், நமக்குள் சண்டை வர ரெண்டு வார்த்தை போதும், அப்புறம் இறங்க முக்கால் மணி. அதனால் எழுதுகிறேன்.

நீ போர்டைச் செய்ய ஆரம்பித்தது எதற்கு, அதை முதலில் சொல். போன வருடம் மழையில் கரண்ட் போய்ப் போய் வந்ததில் உலரப் போட்ட காய் லோடு லோடாக வெளுத்துப்போனதே, அதற்குத்தானே. பச்சையாக உள்ளே போன காய் பஞ்சு நிறத்தில் வெளியே வந்தது. குத்தகைக்கு எடுத்த தோட்டத்தில் மூன்றாம் வருடமும் இப்படியே போனால் மலையை விட்டு இறங்க வேண்டியதுதான். “செஞ்சு தர்றேன் மாமா, பேட்டரியிலயே ஓடுற மாதிரி செஞ்சு தர்றேன்” என்று சொன்னது நீ. அப்புறம் தை போய் ஆடி வந்தது, நீ கம்ப்யூட்டர் திரையில் கோடு ஓட்டிக்கொண்டே இருந்தாய். ஏலக்காய்க்கு உன் கோடு தெரியுமா?

மாட்டிவிட்டேன். ஓடுகிறது. நீ வந்து பார்க்க வேண்டும் அருணா. முதலில் மெதுவாக ஓடவிட்டு ஈரம் வற்றவிட்டேன், பிறகு வேகத்தைக் கூட்டினேன், கடைசியில் மறுபடி தணித்தேன். நேற்று இறக்கிய லோடு பச்சைக்கிளி மாதிரி இருந்தது. தட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு அன்னக்கொடி அக்கா, “சிவா, இதக் கொண்டுபோயி ஒம் பொண்டாட்டி கையில குடு, அவ கண்ணுல ஒத்திக்கட்டும்” என்றாள். தோட்டத் தொழிலாளர் லைன் வீட்டிலிருந்து இருபது வருடமாக இந்த ஸ்டோருக்கு வருகிறவள், காயைப் பார்த்து அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் சின்ராசுக்குத்தான் மோட்டார் விசிலடிக்கிற மாதிரி கீச்சிடுவது பிடிக்கவில்லை. “என்னண்ணே, அழுகுது” என்கிறான்.

ஒரு குறை. நடுவில் தானாக நின்றுவிடுகிறது. ஈரக் காய் நிறைய ஏற்றிய லோடில் ரெண்டு தடவை நின்றது. உனக்குத் தெரியும், லோடு உள்ளே இருக்கும்போது ஃபேன் நிற்கக் கூடாது. அது இந்த மலையில் எந்த ஸ்டோரிலும் சட்டம். ஃபேன் சத்தம் நின்றால் சாப்பிடுகிறவன் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடி வருவான். போர்டைப் பிரித்துப் பார்த்தேன், நீ ‘ட்ரிப்’ என்று எழுதி ஒட்டியிருந்த இடத்தில் இருக்கிற சின்னச் சாமான்தான் நிறுத்துகிறது என்று தெரிந்தது. அதன் இரண்டு காலையும் ஒரு செம்புக் கம்பியால் சேர்த்துவிட்டேன். வீட்டில் ஃப்யூஸ் போனால் செய்கிறதுதான். இப்போது நிற்பதே இல்லை.

கோபம் தணிந்தால் எழுது.

சிவா


போடி
12 ஆகஸ்ட்

மாமா,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு வகுப்புக்குப் போகவில்லை. நேரே கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

அந்தச் சின்னச் சாமான் உங்கள் லோடைக் கெடுக்க வைத்ததில்லை. கரண்ட் அளவுக்கு மேல் போனால் நான்கு சுவிட்சையும் அணைத்துவிட வைத்தது. உங்களுக்கும் தீக்கும் நடுவில் அது ஒன்றுதான் நிற்கிறது. அதன் காலைக் கட்டிப்போட்டுவிட்டு, ஓடுகிறது ஓடுகிறது என்று எழுதுகிறீர்கள்.

அது ஏன் அடிக்கடி நிற்கிறது என்றும் சொல்கிறேன். கம்ப்யூட்டரில் மோட்டார் என்று நான் வைத்தது வெறும் கணக்கு மோட்டார். ஈரக் காற்றைத் தள்ளுகிற பாரம் அதில் இல்லை. அதனால் கரண்ட் எல்லையைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துவிட்டேன். அது என் பிசகு, திருத்திக்கொள்ளலாம். ஆனால் ட்ரிப்பே இல்லாமல் ஓடுவது வேறு சங்கதி. நீங்கள் செய்த மாதிரியே கம்ப்யூட்டரிலும் அதை எடுத்துவிட்டு, ஒரு சுவிட்சு மட்டும் அணையத் தாமதிக்கிறது என்று வைத்து ஓட்டினேன். கரண்ட் கோடு திரைக்கு மேலே எங்கோ போய்விட்டது, திரும்பி வரவில்லை. கம்ப்யூட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. அங்கே அந்தக் கோடு போனால் பேட்டரி தீப்பிடிக்கும். பக்கத்தில் சாக்கு, மேலே பலகை, இரண்டு எட்டில் சின்ராசின் அடுப்பு.

கண்ணை மூடினால் ஸ்டோர் எரிகிறது. நிஜமாகச் சொல்கிறேன், சற்று முன் உங்கள் அம்மா குழம்பு தாளித்த சத்தத்துக்கு எழுந்து நின்றுவிட்டேன்.

கம்பியை எடுங்கள். நின்றால் நிற்கட்டும், லோடு வெளுத்தால் வெளுக்கட்டும். நின்றுவிட்டால் ஆபத்தில்லை, அதுதான் எங்கள் படிப்பின் முதல் பாடம். என் மேல் கொஞ்சமாவது பிரியம் இருந்தால் இதைப் படித்த கையோடு எடுத்துவிடுங்கள். எடுத்தேன் என்று எழுதுங்கள். நானே வந்திருப்பேன், விடைத்தாள் திருத்த உட்காரவைத்திருக்கிறார்கள்.

அருணா


பள்ளத்து ஸ்டோர்
14 ஆகஸ்ட்

அருணா,

எடுத்துவிட்டேன். நம்ப மாட்டாய் என்று கம்பியையும் இதோடு மடித்து வைத்திருக்கிறேன்.

நீ இப்படிப் பயந்து எழுதி நான் பார்த்ததில்லை. சண்டை போடுவாய், பேசாமல் இருப்பாய், பயந்ததில்லை. அதனால்தான் எடுத்தேன், உன் பாடம் புரிந்து இல்லை.

நாளை மறுநாள் பெரிய லோடு. மழைக்கு முன்னால் பறித்த காய் மொத்தமும் உள்ளே போகிறது. தட்டு தட்டாக அடுக்கிவிட்டு, பாதி காய்ந்ததும் அன்னக்கொடி அக்கா உள்ளே போய்த் தட்டுகளை மாற்றி அடுக்குவாள், மேல் தட்டு கீழே, கீழ்த் தட்டு மேலே. அவள் உள்ளே போனதும் கதவை வெளியிலிருந்து தாழ் போட்டுக்கொள்வோம். இல்லையென்றால் கதவு வாய் பிளந்துகொண்டு சூடெல்லாம் வெளியே போய்விடும். சின்ராசு கதவோடு நிற்பான், அவள் தட்டினால் திறப்பான். நீ வந்தபோது பார்த்திருப்பாயே.

நடுவில் உன் ட்ரிப்பு ஃபேனை நிறுத்தித் தொலைத்தால் நானே மறுபடி போட்டுக்கொள்கிறேன். போர்டுக்குப் பக்கத்திலேயே கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொள்கிறேன், போதுமா?

தூங்கு. அம்மாவையும் மிரட்டாதே.

சிவா


17 ஆகஸ்ட்

அருணா,

இந்தத் தாளை ஜீப்பில் வைத்தே எழுதி அமாவாசை அண்ணனிடம் கொடுக்கிறேன். அன்னக்கொடி அக்காவைப் போடி ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறேன். அவள் மகனும் கூட வருகிறான். நீ ஓடிப்போய்ப் பார். நான் அடுத்த ஜீப்பில் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன், வர முடியுமா என்று தெரியவில்லை.

அவள் உள்ளே இருக்கும்போது ஃபேன் நின்றது.

சத்தம் நின்றதும் நான் கட்டிலிலிருந்து குதித்துப் போர்டுக்கு ஓடினேன். சின்ராசும் ஓடிவந்தான். காய் அலசிக்கொண்டிருந்த பெண்கள்கூட ஈரக் கையோடு ஓடிவந்துவிட்டார்கள். எல்லோரும் போர்டைச் சுற்றி நின்றோம். நான் போட்டேன், ஓடவில்லை. கொஞ்சம் பொறுத்துப் போட்டேன், கீச்சிட்டது, நின்றது. “பேட்டரி வயரப் பாருண்ணே” என்கிறான் ஒருவன். “லோடு போச்சே, லோடு போச்சே” என்று நான் கத்துகிறேன். எல்லோர் வாயிலும் லோடுதான்.

அங்கே உள்ளே, அறையைச் சூடாக்கும் அடுப்புக் குழாய் கனன்றுகொண்டிருக்கிறது. ஃபேன் இழுக்காததால் குழாய் மூட்டில் கசிகிற புகையெல்லாம் அறைக்குள் நின்றுவிட்டது. அவள் தட்டியிருக்கிறாள் அருணா. கதவில் நகக் கீறல் இருக்கிறது. கதவோடு நிற்க வேண்டியவன் எனக்குப் பக்கத்தில் நின்று எனக்கு டார்ச் பிடித்துக்கொண்டிருந்தான்.

அவனைச் சொல்லவில்லை. நான்தான் அந்த ஸ்டோருக்கு முதலாளி. எனக்கே கதவு ஞாபகம் வரவில்லை. யாரோ ஒரு பெண், “ஆமா, அக்கா எங்கிட்டு?” என்று கேட்டபிறகுதான் வந்தது.

மூச்சு இருக்கிறது. கண் திறக்கவில்லை.

சிவா


போடி ஆஸ்பத்திரி
18 ஆகஸ்ட்

அன்புள்ள மாமா,

கண் திறந்துவிட்டாள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள், இரண்டு கையிலும் கொப்பளம். பிழைத்துக்கொள்வாள் என்று டாக்டர் சொன்னபோது அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன், அவர் பயந்துபோனார்.

இன்று காலை பேச்சு வந்தது. என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, “லோடு என்னாச்சு?” என்பதுதான்.  கதவைத் திறக்க ஆள் வரவில்லையே அக்கா என்றேன். “ஃபேனு நின்னா எல்லாரும் ஃபேனுகிட்டத்தான் ஓடுவாக. நான் வெளிய இருந்தா நானுந்தான் ஓடியிருப்பேன்” என்றாள். கோபமே இல்லை.  திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பிறகு என் கையைத் தட்டிக்கொடுத்து, “மதி, மதி, அழாத” என்கிறாள், ‘போதும்’ என்பதற்கு மலையாளமும் மிச்சத்துக்குத் தமிழுமாக.

மாமா, நீங்கள் கம்பியை எடுக்காமல் இருந்திருந்தால் ஃபேன் நின்றிருக்காது. எரிந்திருக்கலாம், எரியாமலும் இருந்திருக்கலாம். நான் எடுக்கச் சொன்னேன், நின்றது. நின்றுவிட்டால் ஆபத்தில்லை என்று எழுதியவள் நான். எங்கள் வரைபடத்தில் மோட்டாருக்கு அந்தப் பக்கம் ஒன்றும் கிடையாது. ஒரு ரெசிஸ்டர், ஒரு கம்பிச் சுருள், அதற்கப்புறம் வெற்றுத் தாள். கதவு, தாழ், அடுப்பு, அன்னக்கொடி அக்கா, ஒன்றும் அதில் இல்லை. ஆயிரம் தடவை ஓட்டினேன், ஆயிரம் தடவையும் யாரும் சாகவில்லை.

இங்கே பெஞ்சில் உட்கார்ந்து போர்டின் புரோகிராமை மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். கரண்ட் ஏறினால் அணைக்காது, வேகத்தைத் தணிக்கும். பாரம் குறைகிற வரை ஃபேன் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்கும், நிற்காது. மேலும் கீழும் சேர்ந்து ஆன் ஆகாமல் இருக்க இடைவெளியையும் கூட்டியிருக்கிறேன். இந்த முறை பல்பு இல்லை. லேபில் ஒரு பழைய ஃபேன் இருக்கிறது, அதன் வாயில் ஈரச் சாக்கைக் கட்டி ஓட்டப்போகிறேன்.

போர்டைக் கழற்றி அமாவாசை அண்ணனிடம் கொடுங்கள். இந்தத் தடவை கொடுத்துவிடுங்கள்.

அருணா


பள்ளத்து ஸ்டோர்
2 செப்டம்பர்

அருணா,

திருத்திய போர்டு நல்லபடி வந்து சேர்ந்தது. நேற்று மாட்டினேன். காலி ஸ்டோரில் ராத்திரி முழுக்க ஓடியது, நிற்கவில்லை. நீ லேபில் செய்த மாதிரி ஃபேன் வாயில் சாக்கை வைத்து அடைத்துப் பார்த்தேன். வேகம் தணிந்து முனகியது, சாக்கை எடுத்ததும் பழையபடி ஓடியது.

அன்னக்கொடி அக்கா போடியில் நம் வீட்டிலேயே இருக்கட்டும். கொப்பளம் ஆறாமல் மேலே அனுப்பாதே.

இன்று விடிந்ததும் லோடு ஏற்றினோம். பறித்த காயை எத்தனை நாள் கொட்டி வைப்பது, பூஞ்சை பிடிக்க ஆரம்பித்துவிட்டது. ஏற்றுகிறவரை எல்லோரும் வந்தார்கள். தட்டு மாற்ற யார் உள்ளே போவது என்று கேட்டதும் ஆளாளுக்குச் சோலி வந்துவிட்டது. ஒருத்திக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல், இன்னொருத்திக்குத் தண்ணீர் பிடிக்க வேண்டும். சின்ராசு என் முகத்தைப் பார்க்காமல் அடுப்பைக் கிளறுகிறான். கதவுப் பக்கம் அவன் போவதே இல்லை. அந்தக் கீறலை யாரோ சாணி பூசி மறைத்திருக்கிறார்கள்.

நான்தான் போக வேண்டும். போவதுதான் முறை. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், காலையிலிருந்து நாலு தடவை கதவுவரை போய்த் திரும்பிவிட்டேன். ஃபேன் ஓடுகிற சத்தம் காதில் விழுகிறது, உள்ளே போன அடுத்த நிமிடம் அது நிற்கும் என்றும் தோன்றுகிறது. வெளியே நிற்கிற அத்தனை பேரும் எங்கே ஓடுவார்கள் என்று எனக்குத் தெரியும். நானும் ஓடினவன்தானே.

சாயங்காலத்துக்குள் தட்டு மாற்ற வேண்டும். அமாவாசை அண்ணன் இப்போது கீழே இறங்குகிறார், ஆள் ஏற்றிக்கொண்டு உடனே திரும்புவார். உன்னிடம் ஒரே ஒரு வார்த்தைதான் கேட்கிறேன். போர்டு உன்னுடையது, அதன் கணக்கு எல்லாம் உனக்குத் தெரியும். போகலாம் என்றால் ‘போங்கள்’ என்று எழுது. நான் போகிறேன், வேறு எதுவும் கேட்க மாட்டேன்.

சிவா


போடி
2 செப்டம்பர்

மாமா,

அமாவாசை அண்ணன் வாசலில் வண்டியை அணைக்காமல் நிற்கிறார். “வெரசா எழுது ஆத்தா, ஆளு காத்துக் கிடக்கு” என்கிறார்.

‘போங்கள்’ என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கணக்கு சரியாக இருக்கிறது. லேபில் ஈரச் சாக்கோடு மூன்று நாள் ஓட்டினேன், ஒரு தடவைகூட நிற்கவில்லை. வேறு யாராவது கேட்டிருந்தால் போகலாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பேன். உங்களுக்கு எழுத வரவில்லை. நீங்கள் அந்தக் கதவுக்குள் போவதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

அப்புறம்தான் உறைத்தது. ‘நாளை மறுநாள் அன்னக்கொடி அக்கா உள்ளே போவாள், வெளியே தாழ் போடுவோம்’ என்று நீங்கள் போன மாதம் எழுதியிருந்தீர்கள். நானும் படித்தேன். கம்பி மடித்து வந்திருந்ததைப் பார்த்தேன், நிம்மதியாக இருந்தது, அன்று நன்றாகத் தூங்கினேன். அந்தத் தாழ் என் கண்ணில் படவே இல்லை. அதே போர்டு, அதே கதவு. இன்று உங்களுக்காக வருகிற பயத்தில் ஒரு துளிகூட அன்று அவளுக்காக எனக்கு வரவில்லை.

எழுதியவரை அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். மறைத்து அனுப்ப மனம் வரவில்லை. கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.  வெளியே ஹாரன் அடிக்கிறார்கள். “எம் மகனுக்கு வந்த பயம் ஒனக்கு எப்பிடி வரும்?” என்றாள். பிறகு, “இப்ப வந்திருக்குல்ல. அதையே எழுது” என்றாள்.

நீங்கள் போக வேண்டாம். சின்ராசும் போக வேண்டாம், யாரும் போக வேண்டாம். லோடு வெளுக்கட்டும். அடுப்பு விறகை வெளியே இழுத்து அணைத்துவிட்டு, அறை ஆறியபிறகு தட்டை மாற்றிக்கொள்ளுங்கள். அந்தத் தாழைப் பிடுங்கி எறியுங்கள். நானும் இந்த ஜீப்பிலேயே வருகிறேன், ஆனாலும் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நான் இறங்கி வருவதற்குள் கடிதம் கையில் கிடைக்கட்டும் என்று ஜீப்பில் வருகிற, வேகமாக ஓடக்கூடிய ஒருவரிடம் மேட்டிலேயே கொடுத்து முன்னால் அனுப்புகிறேன். படித்ததும் ஃபேனை நிறுத்துங்கள். ஆனால் முதலில் கதவைத் திறந்துவிட்டு, உள்ளே யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு நிறுத்துங்கள்.

அருணா